ஐ.வி. பஸ்ஸை எங்கே நிறுத்தலாம்?

தொழில்நுட்பத்தைப் பார்க்கக் கிளம்பும் நம் மாணவர்கள் உண்மையில் எதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்? சாந்தோம் மணலிலிருந்து தென்காசி வரை, அவர்கள் இறங்கிப் பார்க்க வேண்டிய இடங்கள்.

ஜனவரி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் அந்த பஸ்களைப் பார்க்கலாம். முன்கண்ணாடியில் கல்லூரிப் பெயரும் துறையின் பெயரும் போட்ட பேனர், உள்ளே கலர் லைட், காதைப் பிளக்கும் பாட்டு, நடுவழியில் நின்று ஆடுகிற ஐம்பது பிள்ளைகள், முன் சீட்டில் தூக்கம் கெட்ட இரண்டு ஆசிரியர்கள். ஐ.வி. பஸ். 'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்பதை மாணவர்கள் இப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுகிறார்கள்.

பயணம் மூன்று நாள் என்றால் கம்பெனிக்கு ஒதுக்குவது பெரும்பாலும் அரை நாள். வாசலில் விசிட்டர் பாஸ், ஏசி அறை, மனிதவளத் துறையிலிருந்து ஒருவர் வந்து காட்டும் பவர்பாயிண்ட், சமோசா, டீ, பெயர்ப் பலகைக்கு முன்னால் குரூப் போட்டோ. பிறகு பஸ் மூணாறுக்கோ கோவாவுக்கோ கிளம்பிவிடும்.

நண்பர்களோடு விடிய விடியப் பயணம் போகிற சந்தோஷத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டை விட்டு முதன்முதலாக வெளியே தங்குகிற ஒரு பெண்ணுக்கு அந்த மூன்று நாள் எவ்வளவு பெரியது என்பதை அவளைக் கேட்டால்தான் தெரியும். என் வருத்தம் அந்த அரை நாளைப் பற்றியது. செயற்கை நுண்ணறிவு என்ற சொல் டீக்கடை வரைக்கும் வந்துவிட்ட காலத்தில், அந்தத் துறையில் வேலை செய்யப்போகிற பிள்ளைகளுக்கு நாம் காட்டுவது ஒரு வரவேற்பறையை.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சர்க்கரை ஆலைக்குப் போனால் கரும்பு உள்ளே போவதும் சர்க்கரை வெளியே வருவதும் கண்ணுக்குத் தெரியும். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு நூலாவது தெரியும். மென்பொருள் நிறுவனத்தில் என்ன தெரியும்? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் தெரிவார்கள். அதனால் கட்டடத்தைக் காட்டி அனுப்பிவிடுகிறோம். பிள்ளைகளும் கட்டடத்தின் உயரத்தையும் 'பேக்கேஜ் எவ்வளவு' என்ற கேள்விக்கான பதிலையும் சுமந்துகொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

ஆனால் டிஜிட்டல் உலகத்துக்கும் கரும்பு உள்ளே போகிற வாசல் ஒன்று உண்டு. அதற்கென்று கேபிள்களும் கட்டடங்களும் இயந்திரங்களும் உண்டு. அதற்காகக் குரல் கொடுக்கிற, கைரேகை வைக்கிற மனிதர்களும் உண்டு. அவற்றில் பல தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. பஸ்ஸை அங்கெல்லாம் நிறுத்தலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மணலுக்கு அடியில்

முதல் நிறுத்தம் சென்னைக் கடற்கரை. மெரினாவுக்கு எப்படியும் போவார்கள். சுண்டல் வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கும்போது அவர்களிடம் சொல்ல வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. இந்தியாவை உலகத்தோடு இணைக்கும் கடலடிக் கேபிள்கள் கரையேறும் முக்கியமான இரண்டு நகரங்கள் மும்பையும் சென்னையும். 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கி.மீ. நீளத்துக்கு 'ஐ2ஐ' கேபிள் போடப்பட்டது. 2005இல் சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸின் மார்செய் வரைக்கும் ஏறக்குறைய 18,800 கி.மீ. ஓடுகிற 'சீ-மீ-வீ 4' வந்தது. அதுவும் சென்னையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கி.மீ. கேபிள் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு போர்ட் பிளேரில் இணையம் என்றாலே செயற்கைக்கோளை நம்பித்தான்.

கண்டம் விட்டுக் கண்டம் போகும் இணையத் தரவில் மிகப் பெரும்பகுதி இந்தக் கேபிள்கள் வழியாகத்தான் போகிறது. ஆழ்கடலில் இவற்றின் தடிமன் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் அளவுதான். மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமும்தான் இவற்றை அதிகம் சேதப்படுத்துகின்றன. 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா பக்கம் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவில் இணையம் திணறியது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்ட நாட்களில் கேபிள் பாதிப்பால் இணையம் மந்தமானதை நகரத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கேபிள் கரையேறும் நிலையங்களுக்குள் மாணவர்களை விடமாட்டார்கள், பாதுகாப்புக் காரணம். பரவாயில்லை, மணலில் உட்கார்ந்தபடியே ஒரு சோதனை செய்யலாம். லேப்டாப்பிலோ போனிலோ, பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் 'பிங்' கட்டளையைக் கொடுத்து சிங்கப்பூரில் இருக்கும் ஒரு சர்வரைக் கூப்பிடச் சொல்லுங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் போகும். 3,200 கி.மீ. போக 16 மில்லி விநாடி, திரும்பி வர இன்னொரு 16. ஆக மொத்தம் 32. எவ்வளவு காசு கொடுத்து என்ன பிளான் போட்டாலும் அந்தக் கேபிள் வழியாக இதைவிடச் சீக்கிரம் பதில் வராது. பிளஸ் டூ இயற்பியலில் படித்த ஒளிவிலகல் எண் கையில் இருக்கிற போனில் எண்ணாக வந்து நிற்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு, பாடப் புத்தகத்தின் மேல் வருகிற மரியாதையே வேறு.

இனி அடுத்த கேள்வி. ஏதோ ஒரு வெளிநாட்டு வீடியோ தளத்தைக் கூப்பிட்டால் பத்து மில்லி விநாடியில் பதில் வந்துவிடுகிறதே, அது எப்படி? அப்படி வந்தால் அந்தப் பதில் கடல் தாண்டி வரவில்லை. பக்கத்தில் எங்கோ அதன் நகல் இருக்கிறது. அந்த நகல் இருக்கிற கட்டடத்தைத் தேடித்தான் பஸ் அடுத்துப் போக வேண்டும்.

சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலை

அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. கேபிள் இங்கே கரையேறுவதால்தான் அவையும் இங்கே வருகின்றன. தமிழக அரசு 2021இல் தரவு மையங்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. அனுமதி கிடைத்தால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் வெளியிலிருந்து பார்த்தாலே பாதிப் பாடம் புரியும். ஜன்னல் குறைவான சுவர்கள், பெரிய மின்மாற்றிகள், வரிசையாக டீசல் ஜெனரேட்டர்கள், வெப்பத்தை வெளியே தள்ளும் குளிரூட்டும் இயந்திரங்கள். 'கிளவுட்' என்று நாம் சொல்வதற்குக் கரன்ட் பில் உண்டு, தண்ணீர்த் தேவை உண்டு.

தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது 2019 ஜூனை நினைவுபடுத்தாமல் இருக்க முடியாது. சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, பழைய மகாபலிபுரம் சாலையில் சில ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்ன கோடை அது. கொரோனா வருவதற்கு முன்பே தண்ணீர்ப் பஞ்சத்தால் 'வொர்க் ஃப்ரம் ஹோம்' பார்த்த நகரம் சென்னை. செயற்கை நுண்ணறிவுக்காக இன்னும் பெரிய சர்வர் கூடங்கள் வரும்போது, அவற்றைக் குளிர்விக்கத் தண்ணீரா காற்றா, மின்சாரம் எங்கிருந்து, நிலத்தடி நீர் யாருடையது என்று கேட்கத் தெரிந்த எஞ்சினீயர்கள் நமக்கு வேண்டும்.

அதனால் பள்ளிக்கரணையில் பதினைந்து நிமிடம் பஸ்ஸை நிறுத்துங்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்பு நிலம் அது. ஒரு பக்கம் பூநாரைகளும் நாமக்கோழிகளும் மேயும் தண்ணீர், மறுபக்கம் கட்டடங்கள். மழை வந்தால் தென்சென்னையின் வெள்ளம் வந்து சேர வேண்டிய இடத்தில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று மாணவர்கள் தங்கள் கண்ணாலேயே அளக்கட்டும். கணினி அறிவியல் துறைக்கும் இது பாடம்தான்.

தரமணியில் ஒரு முழுநாள்

தரமணிக்கு ஒரு முழுநாள் கொடுக்க வேண்டும். 2000 ஜூலையில் டைடல் பார்க் திறந்த நாளிலிருந்து அந்தச் சாலையின் முகம் மாறியது. ஆனால் நான் சொல்ல வருவது அதே பகுதியில் இருக்கும் சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவை. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் முனைப்பில் 2010இல் தொடங்கியது. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகத்தை ஒட்டி உருவான முதல் ஆராய்ச்சிப் பூங்கா. பேராசிரியரும் மாணவரும் கம்பெனிக்காரரும் ஒரே கேன்டீனில் சாப்பிட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை யோசனை.

அங்கே வளர்ந்த நிறுவனங்களில் ஒன்று அக்னிகுல் காஸ்மோஸ். ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயினும், ஐ.ஐ.டி. பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தியின் துணையோடு 2017இல் தொடங்கியது. இவர்களுடைய ராக்கெட் எஞ்சின் முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாக உருவாகிறது. வழக்கமான எஞ்சினில் நூற்றுக்கணக்கான பாகங்களைத் தனித்தனியாகச் செய்து, பற்றவைத்துப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு இணைப்பும் கசிவதற்கு ஒரு வாய்ப்பு. உலோகத் தூளை லேசரால் படலம் படலமாக உருக்கி ஒரே துண்டாக வளர்த்துவிட்டால் அந்தக் கவலை பெருமளவு குறைகிறது. பாலிடெக்னிக்கில் வெல்டிங் படிக்கிற பையனுக்கும் இது உடனே புரியும். கணினி அறிவியல் படிக்கிற பெண்ணைவிட ஒருவேளை நன்றாகவே புரியும்.

2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருக்கும் தங்கள் சொந்த ஏவுதளத்திலிருந்து இவர்கள் சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டார்கள். எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அதற்கு முன்பு நான்கு முறை ஏவுதலை ஒத்திவைத்தார்களே, மாணவர்கள் கேட்க வேண்டியது அதைப் பற்றித்தான். ஏன் நிறுத்தினீர்கள்? நிறுத்தலாம் என்று முடிவெடுத்தது யார்? மறுநாள் காலையில் வந்து முதலில் எதைப் பிரித்துப் பார்த்தீர்கள்? நம் கல்லூரி ஆய்வகங்களில் சோதனை தவறினால் விடையைப் பக்கத்து மேஜையிலிருந்து வாங்கி எழுதிவிடுகிற பழக்கம் இருக்கிறது. சோதனை தவறியதையே தகவலாக எடுத்துக்கொண்டு வேலை செய்கிற மனிதர்களை இருபது வயதில் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் அந்தப் பழக்கம் விட்டுப்போகும் என்று நம்புகிறேன்.

ஐ.ஐ.டி. வளாகத்துக்குள்ளே இன்னொரு கதை இருக்கிறது: 'சக்தி' நுண்செயலி. இப்போதைய இயக்குநர் வி. காமகோடி தலைமையில், மாணவர்களின் உழைப்பில் உருவானது. யார் வேண்டுமானாலும் உரிமக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 'ரிஸ்க்-ஃபைவ்' என்ற திறந்த கட்டமைப்பை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். 2018இல் ஒரு சிப்பை அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் அளவில் செய்தார்கள். அதே ஆண்டில் இன்னொன்றைச் சண்டிகரில் இருக்கும் அரசின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் செய்தார்கள். 2025 பிப்ரவரியில் இஸ்ரோவுடன் சேர்ந்து 'ஐரிஸ்' என்ற விண்வெளிச் சிப்பை அறிவித்தார்கள். அது தயாரானது சண்டிகரில், உறையிடப்பட்டது கர்நாடகத்தில், தாய்ப்பலகை வந்தது குஜராத்திலிருந்து, பொருத்தியது சென்னையில். நகம் அளவு பொருளுக்குப் பின்னால் இத்தனை ஊர்.

இங்கே ஒரு நல்ல கேள்வி எழும். போனுக்குள் இருக்கிற சிப் மூன்று, ஐந்து நானோமீட்டர் என்கிறார்களே, விண்வெளிக்குப் போகிற சிப் ஏன் 180இல் இருக்கிறது? வேகத்தைவிடக் கதிர்வீச்சைத் தாங்குவதும் பழுதில்லாமல் உழைப்பதும் அங்கே முக்கியம். பழகிய, பலமுறை சோதித்த முறை அதற்கு ஏற்றது. புதியது எல்லாமே மேலானது என்ற எண்ணத்தோடு 'டிரெண்ட்' பார்க்க வந்த பிள்ளைகளுக்கு இது தேவையான பாடம்.

வசதி இருந்தால் தையூருக்கும் போகலாம். அங்கே ஐ.ஐ.டி.யின் இன்னொரு வளாகத்தில் நானூறு மீட்டருக்கு மேல் நீளமான ஹைப்பர்லூப் (காற்று நீக்கிய குழாய்க்குள் அதிவேகமாக ஓடும் வண்டி) சோதனைக் குழாய் இருக்கிறது. ஹைப்பர்லூப் நாளைக்கே ஓடிவிடும் என்று நான் நம்பவில்லை. அதன் செலவுக் கணக்கு இன்னும் எங்குமே சரியாக வரவில்லை. ஆனால் அந்தத் திட்டத்தை முன்னெடுத்த 'ஆவிஷ்கார்' குழுவில் இருப்பவர்கள் மாணவர்கள். ஐ.ஐ.டி. மாணவர்கள் வேறு பிறவி என்று நினைத்துக்கொண்டிருக்கும் விழுப்புரத்துப் பெண்ணும் அருப்புக்கோட்டைப் பையனும், கிரீஸ் படிந்த டி-ஷர்ட்டோடு திரியும் தங்கள் வயதுக்காரர்களிடம் பத்து நிமிடம் பேசினால் போதும், அந்த எண்ணம் கரைந்துவிடும்.

பாட்டியின் பேச்சும் இயந்திரத்தின் காதும்

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான நிறுத்தம் இதுதான். சென்னை ஐ.ஐ.டி.யில் 'ஏஐ4பாரத்' என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. பேராசிரியர் மிதேஷ் காப்ரா உள்ளிட்டோர் உருவாக்கியது. 2022இல் நிலேகனி குடும்பத்தின் நன்கொடையோடு தனி மையமாக விரிந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இருக்கும் 22 மொழிகளுக்கும் மொழிபெயர்ப்புக் கருவியை 2023இல் வெளியிட்டார்கள், அதுவும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி. அதைவிடப் பெரிய வேலை பேச்சைச் சேகரித்தது. 2024இல் வெளியான அவர்களுடைய 'இண்டிக்வாய்சஸ்' தொகுப்பின் முதல் பகுதியில் மட்டும் 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரின் குரல், 7,348 மணி நேரம்.

ஏன் இத்தனை பேர்? இயந்திரம் செய்தி வாசிப்பாளரின் தமிழை மட்டும் கேட்டுப் பழகினால் செய்தி வாசிப்பாளரின் தமிழை மட்டும்தான் புரிந்துகொள்ளும். தக்கலையில் மீன் விற்கிற பெண்ணும், பொள்ளாச்சியில் தேங்காய் மண்டிக்காரரும், வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுபவரும் பேசுவது அதற்குச் சத்தமாகத்தான் கேட்கும். நாளைக்கு வங்கியிலும் மருத்துவமனையிலும் மின்வாரியத்திலும் இயந்திரம்தான் போனை எடுக்கப்போகிறது என்றால், யாருடைய பேச்சு அதற்குப் புரியும் என்பது மொழிப் பற்று சார்ந்த விஷயம் மட்டுமில்லை. யாருக்குச் சேவை கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்கிற விஷயம்.

இன்னொரு சின்னக் கணக்கையும் மாணவர்களே போட்டுப் பார்க்கலாம். ஆங்கில எழுத்து ஒன்றைச் சேமிக்கக் கணினிக்கு ஒரு பைட் போதும். யூனிகோடின் வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் 'க' மூன்று பைட். 'கி' என்றால் 'க'வுக்கு மூன்று, அதன் இகரக் குறிக்கு மூன்று என ஆறு. சேமிப்புக்கு இது பெரிய சுமையில்லை. ஆனால் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்ட மொழி மாதிரிகள் தமிழ்ச் சொற்களைச் சின்னச்சின்னத் துணுக்குகளாக உடைத்துத்தான் விழுங்குகின்றன. துணுக்குக்கு இவ்வளவு என்றுதான் கட்டணம். ஒரே விஷயத்தைத் தமிழில் கேட்டால் செலவும் நேரமும் கூடுகிறது. இந்தப் பாகுபாட்டை எந்த அரசாணையும் கொண்டுவரவில்லை. உருவாக்கியவர்களின் கண்ணில் நாம் படாததால் வந்தது. சரிசெய்யக்கூடியது, சரிசெய்துகொண்டும் இருக்கிறார்கள். அந்த வேலைக்குத் தமிழ் தெரிந்த பிள்ளைகள் வேண்டும். 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' தொடங்கியதும், 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு 'தமிழ்99' விசைப்பலகையை ஏற்றதும் இதே வரிசையில் வந்த வேலைகள்தான். இன்று நாம் போனில் தட்டுகிற ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குப் பின்னாலும் அந்த உழைப்பு இருக்கிறது.

பஸ்ஸிலேயே ஒரு பயிற்சி வைக்கலாம். ஐம்பது பிள்ளைகள் இருக்கும் பஸ்ஸில் எத்தனை ஊர்த் தமிழ் இருக்கும்! ஆளுக்கு இரண்டு நிமிடம் தங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்யட்டும். போனில் இருக்கும் குரல்-எழுத்துக் கருவியில் போட்டு, யாருடைய பேச்சில் அதிகம் பிழை வருகிறது என்று பட்டியல் எடுக்கட்டும். விருப்பப்பட்டவர்கள் அரசின் 'பாஷினி' திட்டத்துக்கோ மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்துக்கோ குரல் கொடுக்கலாம். ஊருக்குத் திரும்பியதும் வீட்டில் இருக்கும் ஆச்சியையும் அப்பத்தாவையும், அவர்கள் சம்மதத்தோடு, பேச வைக்கலாம். இந்தப் பட்டியலே ஒரு நல்ல புராஜெக்ட். பாட்டுப் போட்டு ஆட இதற்குப் பிறகும் இரவு மிச்சமிருக்கும்.

ஓசூரும் மத்தளம்பாறையும்

பெங்களூருக்குப் போகிற பஸ்கள் ஓசூரைத் தாண்டித்தான் போகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் தொடங்கிய ஏத்தர் நிறுவனத்தின் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. பேட்டரி, மோட்டார், அதற்குள் ஓடும் மென்பொருள் மூன்றும் ஒரே கூரையின் கீழ் சேர்வதைப் பார்க்க நல்ல இடம். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் என்று மூன்று துறையும் மூன்று பஸ்ஸில் போவதைவிட, ஒரே பஸ்ஸில் கலந்து போய்ப் பார்த்தால் பயன் அதிகம்.

தெற்கே போகிறவர்களுக்குக் குற்றாலம் இருக்கிறது. அருவியில் குளித்துவிட்டு வரும் வழியில் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமம். 1996இல் தொடங்கி இன்று உலகம் முழுக்க மென்பொருள் விற்கும் ஸோஹோ நிறுவனம் 2011வாக்கில் அங்கே அலுவலகம் திறந்தது. நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019இல் அந்தப் பக்கமே குடிவந்துவிட்டார். வயலையும் மலையையும் பார்த்தபடி புரோகிராம் எழுதுகிறார்கள் என்று வியப்போடு நிறைய எழுதியாகிவிட்டது. என் ஆர்வம் அவர்களுடைய 'ஸோஹோ ஸ்கூல்ஸ்' மேல். பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளைக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துச் சேர்த்துக்கொண்டு, வேலைக்குத் தேவையானதைச் சொல்லித்தருகிறார்கள். இருபது ஆண்டுகளாக இது நடக்கிறது. பட்டம் இல்லாமலே நல்ல புரோகிராமர் ஆகலாம் என்பதற்கு அந்தப் பிள்ளைகளே சாட்சி.

நான்கு ஆண்டுக்குப் பல லட்சம் கட்டிப் படிக்கிற மாணவர்களுக்கு இந்த இடம் சங்கடம் தரலாம். தரட்டும். என் கல்லூரி எனக்கு என்ன தருகிறது, நானாக எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் பஸ்ஸில் விவாதித்தால் அந்தப் பயணம் பலன் தந்துவிட்டது. கூடவே இன்னொரு விஷயத்தையும் விசாரிக்கச் சொல்வேன். பெரிய நிறுவனம் வந்த பிறகு சுற்றுவட்டாரத்தில் வீட்டு வாடகை என்ன ஆனது, நிலத்தின் விலை என்ன ஆனது, உள்ளூர்ப் பெண்கள் எத்தனை பேர் உள்ளே வேலை பார்க்கிறார்கள் என்று வெளியே இருக்கும் கடைகளிலும் கேட்டுவிட்டு வர வேண்டும். விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் என்று 2024இல் 'நியோ டைடல்' பூங்காக்கள் திறந்திருக்கும்போது இந்தக் கேள்விகள் இன்னும் பல ஊர்களுக்கு உரியவை.

டவுன் பஸ் போதும்

பஸ் வாடகையே கட்ட முடியாத கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்வேன்: உங்கள் ஊர் ரேஷன் கடைக்குப் போங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு காலை நேரம் முழுக்க அங்கே நில்லுங்கள். 2020இலிருந்து தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கைரேகை வைத்துத்தான் பொருள் வாங்க வேண்டும். நாற்று நட்டு, களை பறித்து, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல்களில் 'ரேகை விழல' என்று இயந்திரம் சொல்கிற காட்சியைப் பாருங்கள். துடைத்துவிட்டு மறுபடி, வேறு விரல், மறுபடி. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. கடைக்காரர் என்ன செய்கிறார்? கண் கருவிழி பார்க்கும் கருவி இருக்கிறதா? சிக்னல் போனால் என்ன ஆகிறது? பயோமெட்ரிக் பற்றி எந்தப் பாடநூலும் தராத அறிவு அந்த வரிசையில் கிடைக்கும்.

அங்கிருந்து டீக்கடைக்கு வாருங்கள். 2016இல் தொடங்கிய யு.பி.ஐ. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனையைத் தாண்டியது. அந்த எண்ணின் ஒரு துளி, கல்லாப்பெட்டிக்கு மேலே இருக்கும் சவுண்ட் பாக்ஸ் சொல்லும் 'பன்னிரண்டு ரூபாய்'. அந்தப் பெட்டிக்கு மாத வாடகை உண்டா? பணம் போய்விட்டதாகக் காட்டி, வந்து சேராத நாள் உண்டா? போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றியவர்கள் உண்டா? பூக்காரம்மா கடன் வாங்கப்போனபோது இந்தக் கணக்கு அவருக்கு உதவியதா? நான்கு மாணவர்கள் நான்கு கடைகளில் இதை விசாரித்து எழுதினால், எந்த கம்பெனி ஆடிட்டோரியத்திலும் கிடைக்காத அறிக்கை கைக்கு வரும். நிதித் தொழில்நுட்பம் என்ற பெயரில் வகுப்பில் நடத்துவது இதைத்தான்.

யார் ஏறுகிறார்கள், யார் நிற்கிறார்கள்

ஒவ்வொரு ஐ.வி. பஸ் கிளம்பும்போதும் வகுப்பில் சிலர் வருவதில்லை. பணம் இல்லாதவர்கள், அப்பா அனுமதிக்காத பெண்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், பகுதி நேரம் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். 'இஷ்டமில்லை' என்று சொல்லி ஒதுங்கிவிடுவார்கள். காரணத்தை வெளியே சொல்லக் கூச்சம். ஆனால் கம்ப்யூட்டரையே கல்லூரியில்தான் முதலில் தொட்ட மாணவருக்குத்தான் ராக்கெட் எஞ்சினையும் குரல் ஆய்வுக்கூடத்தையும் நேரில் பார்ப்பது அதிகம் தேவைப்படுகிறது.

அரசு இதைப் புரிந்துகொண்டதற்கு அடையாளங்கள் இருக்கின்றன. போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை 2022 முதல் வெளிநாடுகளுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள். 'நான் முதல்வன்' திட்டத்தில் 2024இல் ஒரு மாணவர் குழு இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி எடுத்து வந்தது. மகிழ்ச்சியான செய்தி. இருந்தாலும் விமானத்தில் ஏறியவர்கள் தேர்ந்தெடுத்த சிலர்தான். தரமணிக்கும் தென்காசிக்கும் போகிற பஸ்ஸில் எல்லோரையும் ஏற்றலாம், செலவும் கட்டுப்படியாகும்.

அதற்குக் கல்லூரிகள் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. டிராவல்ஸ்காரர் தருகிற 'பேக்கேஜை' வாங்காமல், துறை ஆசிரியர்களே ஆறு மாதம் முன்பு ஆய்வுக்கூடங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும். அனுமதி கேட்கும்போது மேலாளரைக் கேட்காமல், கருவியை இயக்குகிற டெக்னீஷியனோடு ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேட்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடும் நாட்களை முன்கூட்டியே விசாரித்துப் பயணத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். ஐம்பது பேர் கூட்டமாக உள்ளே நுழைந்தால் எந்த ஆய்வுக்கூடமும் தாங்காது. பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒரு குழு கடற்கரையில் இருக்கும்போது இன்னொன்று தரமணியில் இருக்கும்படி நாளை வகுக்கலாம். ஒவ்வொரு குழுவும் புறப்படும் முன்பே தன் கேள்விகளை எழுதிக் கொடுக்கட்டும். திரும்பி வந்தபின் ஸ்பைரல் பைண்டிங் ரிப்போர்ட்டுக்குப் பதிலாக, வராத வகுப்புத் தோழர்களுக்கும் ஜூனியர்களுக்கும் ஒரு மணி நேரம் தமிழில் பாடம் எடுக்கட்டும்.

பணம் கட்ட முடியாதவர்களின் பங்கை முன்னாள் மாணவர் சங்கத்திடம் கேட்டு வாங்கலாம். யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்று வகுப்பில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பெண்களை அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு ஆசிரியை ஒருவர் நேரில் போய், எந்த இடம், எங்கே தங்கல், யார் கூட வருகிறார்கள், எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வர வேண்டும். அப்படிச் சொல்லியும் அனுப்பாத வீடு இருந்தால், அந்தப் பெண்ணுக்காகப் பயணத்தின் ஒரு பகுதியைக் காலையில் போய் மாலையில் திரும்புகிற மாதிரி மாற்றி அமைக்க வேண்டும்.